அகலத்திரை மானிட்டர்: கேமுக்கும் படத்துக்கும் எதை வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிட்டர் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது குறுக்களவு: 27, 29, 32, 34, 49 அங்குலம். அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் திரைகளை ஒப்பிடக் கூடாது. 29 அங்குல அகலத்திரை, 27 அங்குலச் சாதாரணத் திரையைவிட 5 செ.மீ. உயரம் குறைந்தது. கடையில் பெட்டியைப் பார்த்து எடுத்தவர்களுக்கு வீட்டில் மேசைமேல் வைத்த பிறகுதான் இது தெரிகிறது. நீங்கள் பார்க்கும் படங்களும் விளையாடும் கேம்களும் எந்த வடிவத்தில் வருகின்றன என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பட்ஜெட்டும் பிராண்டும் அதற்குப் பிறகு.

அகலத்திரை என்று எதைச் சொல்கிறீர்கள்? இப்போது எல்லாத் திரையும் அகலம்தானே?

இன்றைய சாதாரண மானிட்டர், டிவி எல்லாம் 16:9, அதாவது 16 பங்கு அகலத்துக்கு 9 பங்கு உயரம். அதைவிட அகலமான இரண்டு வகைகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம். ஒன்று 21:9, இன்னொன்று 32:9. 2560×1080 பிக்சல் கொண்ட 29 அங்குல 21:9 மானிட்டர்கள் 2012 வாக்கில் சந்தைக்கு வந்தன. 3440×1440 பிக்சல் கொண்ட 34 அங்குலத் திரை 2014இல் வந்தது. இன்றுவரை அதிகம் விற்கும் அகலத்திரை அளவு இந்த இரண்டாவதுதான்.

21:9 என்பது விளம்பரத்துக்கான முழு எண். 3440ஐ 1440ஆல் வகுத்தால் 2.39 வரும். திரையரங்கில் அகலமாக ஓடும் ‘ஸ்கோப்’ (சினிமாஸ்கோப்) படத்தின் விகிதமும் 2.39தான். இந்தப் பொருத்தம்தான் படம் பார்ப்பவர்களுக்கு முக்கியம்.

34 அங்குலம் என்றால் 27 அங்குலத்தைவிட எவ்வளவு பெரியது?

உயரத்தில் இரண்டும் ஒன்றுதான். 27 அங்குல 16:9 திரை ஏறக்குறைய 60 செ.மீ. அகலம், 33.6 செ.மீ. உயரம். 34 அங்குல 21:9 திரை 80 செ.மீ. அகலம், 33.4 செ.மீ. உயரம். ஆக, 34 என்பது இரு பக்கமும் பத்துப் பத்து செ.மீ. நீட்டிய 27.

இதே கணக்கில் 29 அங்குல அகலத்திரையின் உயரம், 23 அங்குலச் சாதாரணத் திரையின் உயரம்தான். இப்போது 24 அங்குல மானிட்டர் வைத்திருப்பவர் 29 அங்குல அகலத்திரைக்கு மாறினால் திரை குட்டையாகிவிட்டது போலவே இருக்கும். 32:9 விகிதத்தில் 49 அங்குலம் என்பது இரண்டு 27 அங்குலத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது.

படம் பார்க்க 34 அங்குல அகலத்திரை நல்லதா, 32 அங்குல 16:9 நல்லதா? விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே?

நல்ல கேள்வி. இதற்கு அளவுகளை வைத்தே பதில் சொல்லலாம்.

ஸ்கோப் படம் ஒன்றை 32 அங்குலத் திரையில் ஓடவிட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். படத்துக்குக் கிடைப்பது சுமார் 71 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். 34 அங்குல அகலத்திரையில் அதே படம் 80-க்கு 33 என்று திரை முழுக்க நிறையும். பரப்பில் கால் பங்குக்கும் மேல் கூடுதல்.

இப்போது கிரிக்கெட் போடுங்கள். ஒளிபரப்பு 16:9. 32 அங்குலத் திரையில் அது முழுத் திரை, 71-க்கு 40. அகலத்திரையில் நடுவில் 59-க்கு 33 அளவுக்குச் சுருங்கி, இரு பக்கமும் கறுப்பாக நிற்கும். இந்த முறை 32 அங்குலம் 40 சதவீதத்துக்கு மேல் பெரிய படம் தருகிறது.

ஆகவே உங்கள் வாரத்தை எண்ணிப் பாருங்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்தது. இன்று திரையரங்குக்கு வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்தான். படங்கள்தான் உங்கள் பொழுதுபோக்கு என்றால் 34 அங்குலம் எடுக்கலாம். கிரிக்கெட், சீரியல், செய்தி, யூட்யூப் என்றால் 32 அங்குலம் போதும், அதுதான் சரியும்கூட. ஓடிடி தொடர்கள் பல 2:1 விகிதத்தில் எடுக்கப்படுகின்றன. அவை எந்தத் திரையிலும் மெல்லிய பட்டையோடுதான் வரும், இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஸ்கோப்புக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் 4:3. அவற்றை 34 அங்குலத்தில் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் 17, 18 செ.மீ. காலியாக இருக்கும். பழைய படங்களே உங்களுக்கு உயிர் என்றால் அகலத்திரை பக்கமே போக வேண்டாம்.

அகலத்திரை வாங்கியாயிற்று. ஸ்கோப் படம் போட்டாலும் நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது. ஏன்?

கோளாறு மானிட்டரில் இல்லை, வீடியோவில். பட்டைகளையும் படத்தின் பகுதியாகச் சேர்த்து 16:9 சட்டத்துக்குள் அடைத்து ஏற்றிவிடுகிறார்கள். யூட்யூபில் இது சர்வசாதாரணம், சில ஓடிடி தளங்களிலும் உண்டு. உங்கள் கணினிக்கு அது வெறும் 16:9 வீடியோ. எனவே பக்கவாட்டில் தானும் பட்டை போடுகிறது. உள்ளே ஏற்கெனவே மேலும் கீழும் இருக்கிறது. விளைவு, நடுவில் ஒரு சின்ன ஜன்னல்.

தீர்வு எளிது. கணினியில் உள்ள கோப்பு என்றால் விஎல்சி பிளேயரில் ‘சி’ விசையைத் தட்டத் தட்ட வெட்டும் விகிதம் மாறிக்கொண்டே வரும். ஸ்கோப்புக்கு ஏற்றது வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பிரவுசரில் பார்ப்பதென்றால் வீடியோவைப் பெரிதாக்கிப் பட்டையை வெளியே தள்ளும் இலவச நீட்சிகள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். கவனிக்க: 1080பி (1080 வரிகள்) வீடியோவில் பட்டைகள் போக உண்மையான படம் ஏறக்குறைய 800 வரிகள்தான். அதை 1440 வரிகளுக்கு இழுக்கும்போது கொஞ்சம் மங்கும். அந்தத் தளத்தில் 4கே தரம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கேமில் அகலத்திரையால் உண்மையில் என்ன லாபம்?

பக்கவாட்டுப் பார்வை. நன்றாக உருவாக்கப்பட்ட கேம், செங்குத்துப் பார்வையை அப்படியே வைத்துக்கொண்டு இடமும் வலமும் கூடுதலாகக் காட்டும். 16:9 திரையில் 90 பாகை தெரிந்த இடத்தில் 21:9 திரையில் சுமார் 107 பாகை தெரியும். கார் பந்தயத்தில் பக்கத்துக் கண்ணாடியும் வளைவின் உள்விளிம்பும் கண்ணில் படும். விமான சிமுலேட்டரில் காக்பிட் கண்முன் விரியும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபோர்சா ஹொரைசன் 5, சைபர்பங்க் 2077 மாதிரியானவற்றை அகலத்திரையில் விளையாடிப் பழகியவருக்கு மறுபடி 16:9க்குப் போக மனம் வராது. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் எல்லா கேமும் இப்படி நடந்துகொள்வதில்லை. சில, பக்கத்தைக் கூட்டாமல் மேலும் கீழும் வெட்டி விகிதத்தைச் சரிக்கட்டும். அதில் லாபம் இல்லை, நட்டம்தான். சில 16:9ஐ விட்டு அசையாது. எல்டன் ரிங் அப்படித்தான்: கணினியிலும் 16:9, வினாடிக்கு 60 பிரேம் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். முழு ஆதரவு உள்ள கேம்களிலும் நடுவே வரும் கதைக்காட்சிகள் பல நேரம் 16:9க்குத் திரும்பிவிடும். வாங்கும் முன், நீங்கள் அடிக்கடி விளையாடும் ஐந்தாறு கேம்களின் பெயரைப் பிசி கேமிங் விக்கி தளத்தில் தேடுங்கள். அகலத்திரை ஆதரவு உண்டா, எப்படி உண்டு என்று ஒவ்வொரு கேமுக்கும் தனியாகப் போட்டிருப்பார்கள். பத்து நிமிட வேலை.

நான் வாலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் மட்டும்தான் விளையாடுவேன்.

இப்படிப் போட்டிக்கான சுடும் கேம்கள் மட்டும் என்றால் அகலத்திரை வேண்டாம். வாலரன்ட் 21:9 பார்வையைத் தருவதில்லை, இரு பக்கமும் பட்டை போட்டுவிடும். போட்டியில் எல்லாருக்கும் ஒரே அளவு பார்வை இருக்க வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் வாதம், நியாயமும்கூட. கவுண்டர்-ஸ்ட்ரைக் 21:9ஐ ஏற்கும். ஆனால் அதன் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் 4:3 ரெசல்யூஷனை இழுத்து வைத்து ஆடுகிறார்கள், அகலத்தைத் தேடிப் போவதில்லை. போட்டி மேடைகளில் இருப்பவை 24, 25 அங்குல 16:9 திரைகள். தலையைத் திருப்பாமல் முழுத் திரையும் கண்ணுக்குள் அடங்க வேண்டும் என்பதே காரணம். அந்தப் பணத்தில் 240 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகம்) உள்ள 24.5 அல்லது 27 அங்குலத் திரை எடுங்கள்.

பிளேஸ்டேஷன் 5ஐ இணைக்கலாமா?

இணைக்கலாம், ஆனால் 21:9 கிடைக்காது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே 16:9 மட்டுமே அனுப்பும். 34 அங்குலத் திரையின் நடுவில் 27 அங்குல அளவுக்குப் படம் நிற்கும். பிஎஸ்5க்கு 1440பி வசதி 2022 செப்டம்பர் அப்டேட்டில் வந்ததால் தெளிவாவது குறையாது. மானிட்டரின் மெனுவில் பட விகிதத்தை ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள், இல்லையென்றால் ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிவார்கள். கன்சோல்தான் முதல் தேவை என்றால் 16:9 4கே திரையோ டிவியோ வாங்குவதே முறை.

என் கிராஃபிக்ஸ் கார்டு தாங்குமா?

பிக்சலை எண்ணுங்கள். 1920×1080 என்பது 20.7 லட்சம் பிக்சல். 2560×1440 என்றால் 36.9 லட்சம். 3440×1440 என்றால் 49.5 லட்சம். 5120×1440 என்றால் 73.7 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். அதாவது 27 அங்குல 1440பி திரையிலிருந்து 34 அங்குலத்துக்குப் போனால் கார்டுக்கு வேலை மூன்றில் ஒரு பங்கு கூடும். அங்கே 100 பிரேம் வந்திருந்தால் இங்கே 75, 80 என்று எதிர்பாருங்கள்.

ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 வகைக் கார்டுகள் 1080பிக்காகச் செய்யப்பட்டவை. 3440×1440இல் புதிய கேம்களுக்கு அவை திணறும், 8 ஜிபி நினைவகமும் இடிக்கும். ஆர்டிஎக்ஸ் 4070, ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி தரத்திலிருந்து நிம்மதியாக விளையாடலாம். குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வசதிகளைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். 1440 வரிகள் உள்ள திரையில் ‘குவாலிட்டி’ நிலையில் வைத்தால் கண்ணை உறுத்தும் அளவுக்குக் குறை தெரிவது அபூர்வம்.

2560×1080 மாடல்கள் மலிவாக இருக்கின்றன. எடுக்கலாமா?

29 அங்குலத்தில் எடுக்கலாம். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் இருப்பதால் எழுத்து ஒழுங்காகத் தெரியும், பழைய கார்டும் சமாளிக்கும். அதே 2560×1080ஐ 34 அங்குலத்தில் வைத்து விற்கிறார்கள். அதை எடுக்காதீர்கள். ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான், 27 அங்குல 1080பி திரை எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு. தமிழ் எழுத்துகளுக்கு இது இன்னும் மோசம். ணி, ண்ணை, ழு போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகத் தெரியும். 3440×1440 உள்ள 34 அங்குலத்தில் 110 பிக்சல். படிப்பதற்கு அந்த வித்தியாசம் பெரியது.

ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி: எது?

மூன்றும் திரையின் பேனல் வகைகள். உங்கள் அறையின் வெளிச்சத்தைச் சொல்லுங்கள், பதில் சொல்லலாம்.

படம் பார்க்க முக்கியம் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள பிரகாச விகிதம். ஐபிஎஸ் பேனலில் அது பொதுவாக 1000:1. ‘ஐபிஎஸ் பிளாக்’ என்று வருபவற்றில் 2000:1 அல்லது அதற்கு மேல். விஏ பேனலில் 3000:1க்கு மேல். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தனியாக அணைவதால் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக் காட்சி பார்க்கும்போது ஐபிஎஸ் திரையின் கறுப்பு சாம்பலாகவும், மூலைகளில் வெளிச்சம் கசிவது போலவும் இருக்கும். அகலத்திரையில் மூலை கண்ணிலிருந்து இன்னும் தள்ளிச் சாய்வாக இருப்பதால் அந்தக் கசிவு கூடுதலாகவே தெரியும். அதே ஐபிஎஸ், பகலில் ஜன்னல் ஓரத்தில் வேலை பார்க்கவும் வண்ணம் மாறாமல் பார்க்கவும் நம்பகமானது.

விஏவின் குறை, இருட்டு நிறங்கள் மாறும் வேகம். கறுப்புப் பின்னணியில் ஏதாவது வேகமாக ஓடினால் பின்னால் மசி இழுத்தது போல ஒரு தடம் தெரியும். மலிவான விஏ மாடல்களில் இது அதிகம். மெதுவான கதை கேம்களும் படங்களும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வேகமான சுடும் கேம் என்றால் கடுப்பாகும்.

2022இல் டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் வரிசையில் 34 அங்குல கியூடி-ஓஎல்இடி (வண்ணத்துக்குக் குவாண்டம் புள்ளிகள் சேர்த்த ஓஎல்இடி) அகலத்திரை வந்தது. இந்த வடிவத்துக்கு அது திருப்புமுனை. பிக்சல் வேகம், கறுப்பு, வண்ணம் மூன்றும் ஒரே திரையில் கிடைத்தன. ஆனால் நம் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை: கியூடி-ஓஎல்இடி திரையில் வெளி வெளிச்சம் பட்டால் கறுப்பு லேசான ஊதா சாம்பலாகிவிடும். முதல் தலைமுறைத் திரைகளில் முழு வெள்ளைப் பக்கத்தின் பிரகாசமும் 250 நிட் அளவில்தான். பகலெல்லாம் வெயில் நுழையும் அறைக்கு, திரைச்சீலை இல்லாமல், இதில் பணம் போடாதீர்கள். இருட்டாக்க முடிந்த அறை, படமும் கேமும்தான் பிரதானம், பட்ஜெட்டும் இருக்கிறது என்றால் இதற்கு ஈடு வேறில்லை.

ஓஎல்இடியில் நிழல் படிந்துவிடும் என்கிறார்களே?

படியும். ஒரே உருவம் ஒரே இடத்தில் மணிக்கணக்காக, மாதக்கணக்காக நின்றால் அந்தப் பிக்சல்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும். டாஸ்க்பார், செய்தி சேனலின் லோகோ, கேமின் உயிர்ப்பட்டை எல்லாம் ஆபத்துதான். டாஸ்க்பாரைத் தானாக மறைய வையுங்கள், கறுப்பு வால்பேப்பர் போடுங்கள், ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி வையுங்கள், மானிட்டர் கேட்கும் பிக்சல் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். 16:9 வீடியோவையே தினமும் பட்டையோடு பார்ப்பவருக்கு இன்னொரு சிக்கல்: நடுப்பகுதி தேய, பக்கப்பகுதி புதிதாகவே இருக்கும். நாள் முழுக்க எக்செல் திறந்து வைத்து வேலை செய்பவர் ஐபிஎஸ் எடுப்பதே நல்லது. உத்தரவாதத்தில் இந்த நிழல் படிதல் சேருமா என்பதை எழுத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வளைவு அவசியமா? 1800ஆர், 1000ஆர் என்றால் என்ன?

அந்த எண், வளைவின் ஆரம் மில்லிமீட்டரில். 1800ஆர் என்றால் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும். 34 அங்குலத்தில் மென்மையான வளைவு நல்லது, ஓரங்கள் கண்ணிலிருந்து சம தூரத்தில் இருக்கும். விஏ பேனலில் பக்கவாட்டு நிறமாற்றத்தையும் அது குறைக்கும். 49 அங்குலத்தில் வளைவு கட்டாயம். 29 அங்குலத்தில் வளைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வளைவு ஒத்துவராத இடம் இரண்டு. கட்டட வரைபடம், டிசைன் போன்ற நேர்கோட்டு வேலை ஒன்று. குடும்பத்தோடு நாலு பேர் உட்கார்ந்து படம் பார்ப்பது இன்னொன்று. நடுவில் உட்காருபவருக்குத்தான் வளைவு சுகம்.

எத்தனை ஹெர்ட்ஸ் போதும்?

60இலிருந்து 100க்குப் போகும்போது தெரியும் மாற்றம் பெரியது. 100இலிருந்து 144, நன்றாகத் தெரியும். 144இலிருந்து 165, தெரியாது. அந்த 21 ஹெர்ட்ஸுக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

1 மில்லிசெகண்ட் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கிறதே?

பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் என்று போடுவது அது. நம்பி முடிவெடுக்காதீர்கள். பல பெட்டிகளில் அந்த எண், பின்விளக்கை விட்டு விட்டு எரியவைத்து அளந்தது. சில பெட்டிகளில், பிக்சலை வேகமாக மாறவைக்கும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்து, ஏதோ ஒரு நிறமாற்றத்தில் மட்டும் கிடைத்தது. அந்த நிலையில் திரையை வைத்தால் உருவங்களைச் சுற்றி வெள்ளை நிழல் தெரியும். ஆர்டிங்ஸ் போன்ற சோதனைத் தளங்கள் எல்லா நிறமாற்றங்களையும் அளந்து போடுகின்றன. அதைப் பாருங்கள்.

படத்தில் கேமரா மெதுவாக நகரும்போது லேசாகத் தட்டித் தட்டி வருகிறது. 165 ஹெர்ட்ஸ் திரையில் இப்படி வரலாமா?

அந்த 165தான் காரணம். சினிமா வினாடிக்கு 24 பிரேம். 165ஐ 24ஆல் வகுத்தால் மீதியில்லாமல் வராது. எனவே சில பிரேம்கள் 7 முறையும் சில 6 முறையும் காட்டப்படும். 60 ஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் மோசம், ஒரு பிரேம் 3 முறை, அடுத்தது 2 முறை. படம் பார்க்கும்போது விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 120 அல்லது 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டும் 24இன் மடங்குகள், ஒவ்வொரு பிரேமும் சரியாக 5 அல்லது 6 முறை வரும். நம் ஊர் டிவி நிகழ்ச்சிகள் 25 அல்லது 50 அடிப்படையில் எடுக்கப்படுகின்றன, அவற்றுக்கு 100 ஹெர்ட்ஸ் பொருந்தும். படம் பார்ப்பதற்காகவே மானிட்டர் வாங்குபவர் 120 அல்லது 144 பட்டியலில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எச்டிஆர் 400 என்று ஸ்டிக்கர் இருந்தால் நல்லதா?

எச்டிஆர் என்பது மிகப் பிரகாசமானதையும் மிக இருட்டானதையும் ஒரே காட்சியில் காட்டும் வசதி. ஆனால் அந்த ஸ்டிக்கருக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். டிஸ்ப்ளே எச்டிஆர் என்ற தரச்சான்றை, திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா (VESA) அமைப்பு 2017 டிசம்பரில் கொண்டுவந்தது. அதன் 400 நிலைக்கு, திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கவைக்கும் வசதி கட்டாயம் இல்லை. அது இல்லாத எல்சிடியில் (ஐபிஎஸ், விஏ இரண்டும் எல்சிடிதான்) எச்டிஆரை இயக்கினால் நிலவோடு சேர்ந்து இரவு வானமும் வெளுக்கும். ‘ட்ரூ பிளாக்’ என்று இருப்பது ஓஎல்இடிக்கான சான்று, எண் 400 என்றாலும் அது வேறு தரம். எல்சிடியில் எச்டிஆர் வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான மங்கும் பகுதிகள் கொண்ட மினி எல்இடி மாடல்களைப் பாருங்கள்.

எந்த கேபிள்?

டிஸ்ப்ளே போர்ட். பெட்டியில் கூடவே வருவதைப் போடுங்கள். எச்டிஎம்ஐ 2.0 வழியாக 3440×1440 திரைக்கு 100 ஹெர்ட்ஸ் வரைதான் கிடைக்கும், பழைய எச்டிஎம்ஐ 1.4 என்றால் 50. ‘144 ஹெர்ட்ஸ் வாங்கினேன், 100தான் காட்டுகிறது’ என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். டிஸ்ப்ளே போர்ட் 1.4, எச்டிஎம்ஐ 2.1 இரண்டும் தாராளம். லேப்டாப் என்றால் அதன் யூஎஸ்பி-சி வாயில் டிஸ்ப்ளே வெளியீடு உண்டா என்று மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், எல்லா யூஎஸ்பி-சியிலும் கிடையாது. அப்புறம், கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு கேம் ஓடவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க்: கார்டுக்கு ஏற்றபடி வாங்க வேண்டுமா?

கேமின் பிரேம் வேகத்தோடு திரையின் வேகத்தை ஒத்திசைக்கும் வசதிகள் இவை, முன்னது என்விடியாவுடையது, பின்னது ஏஎம்டியுடையது. 2019க்கு முன் கார்டுக்கு ஏற்றபடிதான் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் என்விடியா தன் டிரைவரில் கதவைத் திறந்துவிட்டதால், ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் டிஸ்ப்ளே போர்ட் வழியாக என்விடியா கார்டுகளோடும் வேலை செய்கின்றன. பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். சில விஏ, ஓஎல்இடி திரைகளில் இந்த வசதி இயங்கும்போது இருட்டுக் காட்சி மினுக்கும். அந்த மாடலுக்கு அப்படி ஒரு புகார் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

49 அங்குலம் எடுத்தால் எல்லாம் முடிந்ததல்லவா?

கார் பந்தயம், விமான சிமுலேட்டர், வீடியோ எடிட்டிங் டைம்லைன்: இவற்றுக்கு 5120×1440 அற்புதம். படத்துக்கு வீண். ஸ்கோப் படம்கூட நடுவில் 80 செ.மீ. அளவில்தான் நிற்கும், 34 அங்குலத்தில் தெரிவதே இங்கும் தெரியும். திரையின் அகலம் 120 செ.மீ., மேசை அதைவிட அகலமாக வேண்டும்.

4கே டிவி ஒன்றையே மானிட்டராக வைத்தால்?

மேசை ஆழமாக இருந்தால் நல்ல யோசனை. 42 அங்குல 120 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி டிவிகளைப் பலர் இப்படி வைத்திருக்கிறார்கள். 16:9 உள்ளவை முழுத் திரையில் வரும். கேமுக்கு 3840×1600 என்று தனி ரெசல்யூஷன் வைத்தால் மேலும் கீழும் கறுப்பு விட்டு 93 செ.மீ. அகலமுள்ள அகலத்திரையும் கிடைக்கும், கார்டுக்கும் சுமை குறையும். கண்ணிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க இடம் வேண்டும். 60 செ.மீ. ஆழ மேசையில் கழுத்து வலிக்கும். 34 அங்குல அகலத்திரைக்கு 70, 80 செ.மீ. போதும்.

விலை, வரி, எங்கே வாங்குவது?

இந்தியாவில் 2019 முதல் 32 அங்குலம் வரையுள்ள மானிட்டருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 34 அங்குலத்தின் விலை எட்டாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைகளுக்கும் 18 சதவீதம் ஆனது. அடிப்படை விலை மாறாவிட்டால் இறுதி விலையில் ஏறக்குறைய 8 சதவீதம் குறைய வேண்டும். பழைய பட்டியல் விலையைக் காட்டினால் கேளுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒருமுறை நேரில் பாருங்கள். வளைவும் அகலமும் கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்பது நேரில் உட்கார்ந்தால்தான் தெரியும். ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார், உத்தரவாதம் இந்தியாவுக்கானதா, உங்கள் ஊரில் சர்வீஸ் வீட்டுக்கே வருமா என்று பாருங்கள். 34 அங்குலப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது.

வந்தவுடன் எதைச் சோதிக்க வேண்டும்?

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து திரை எரிவது வரை வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள். உடைந்த பேனல் வந்தால் அது ஒன்றுதான் சாட்சி. பிறகு முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் படங்களைத் திரை முழுக்கப் போட்டு, அணைந்த அல்லது எரிந்தே நிற்கும் புள்ளி உண்டா என்று பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கு மாற்றித் தர மாட்டோம் என்பது பல நிறுவனங்களின் விதி, ஆனால் கடையின் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் சொன்னால் பெரும்பாலும் வேலை நடக்கும். இரவில் விளக்கை அணைத்துக் கறுப்புத் திரையைப் பாருங்கள். தலையை அசைக்கும்போது இடம் மாறும் வெளிச்சம் ஐபிஎஸின் இயல்பு, அசைத்தாலும் ஒரே இடத்தில் நிற்பது கசிவு, அதற்கு மாற்றித் தரக் கேட்கலாம். டெஸ்ட் யூஎஃப்ஓ தளத்தில் ஓடும் உருவத்தைப் பார்த்து ஓவர்டிரைவை நடு நிலையில் வையுங்கள். விண்டோஸில் ரிஃப்ரெஷ் ரேட்டை நீங்களே கூட்ட வேண்டும், பல நேரம் அது 60இலேயே நிற்கும்.

கை போல நீளும் ஸ்டாண்டில் மாட்டலாமா?

மாட்டலாம். பின்பக்கம் 100×100 மி.மீ. துளைகள் உண்டா என்று பாருங்கள், பெரும்பாலானவற்றில் இருக்கும். ஸ்டாண்ட் இல்லாமல் திரை மட்டும் எத்தனை கிலோ என்பதை மாடலின் விவரப் பக்கத்தில் எடுத்து, கையின் தாங்கும் எடை அதைவிட இரண்டு கிலோவாவது கூடுதலாக உள்ளதை வாங்குங்கள். வளைவுத் திரையின் எடை முன்பக்கம் தள்ளி நிற்பதால் விளிம்பு எடையில் வாங்கிய கை நாளாக ஆக முன்னால் சரியும்.